ரெண்டு பேர் முறைச்சுக்கிட்டா மூணாவது ஆளுக்கு மலை: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

வெண்ணாற்றங்கரை, தஞ்சாவூர்:

நம்ம டெல்டாவுல மேடுன்னா ரயில்வே மேம்பாலம்தான். ஆனாலும் மலைப் பந்தயம் பார்க்குறதுலயும், லீவு கிடைச்சா சைக்கிளைத் தூக்கிக்கிட்டு மலையேறப் போறதுலயும் நம்ம ஆளுங்க யாருக்கும் குறைஞ்சவங்க இல்லை. மலையில எதிராளியோட நேருக்கு நேர் மோதின அனுபவம் உள்ளவங்க இங்க எழுதுங்க. நேரம், வாட்ஸ் (மிதிக்கிற சக்தி) கணக்கெல்லாம் வேண்டாம். யாரை யார் எந்த இடத்துல எப்படி அசைச்சாங்க, அதைச் சொல்லுங்க. நானே ஆரம்பிக்கிறேன்.

நண்பர்கள் சேர்ந்து பச்சைமலை, கொல்லிமலை, ஏற்காடுன்னு அடுத்தடுத்த நாள் ஏறுறதா முடிவாச்சு. மூணு மலையோட நேரத்தையும் கூட்டி யாருக்குக் குறைச்சலோ அவருக்கு முதலிடம். நான் பைக்ல தண்ணி, வாழைப்பழம் ஏத்திக்கிட்டு பின்னாடியே போன ஆள். அதனால எல்லாத்தையும் கிட்ட இருந்து பார்த்தேன்.

பச்சைமலை முடிஞ்சப்ப முதலிடத்துல ஒரத்தநாட்டுத் தம்பி. ரெண்டாவது திருச்சி இன்ஜினியர், அரை நிமிஷம்கூட வித்தியாசம் இல்லை. மூணாவது பாபநாசம் வாத்தியார். கொல்லிமலைக்கு காரவள்ளி அடிவாரத்துல இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. பாதி மலை வரைக்கும் மூணு பேரும் ஒண்ணாத்தான் ஏறினாங்க. நாப்பதாவது வளைவைத் தாண்டினதும் வாத்தியார் மெல்ல நகர்ந்தார். பாய்ச்சல் எல்லாம் இல்லை. முதல்ல ஒரு வண்டி நீளம், அப்புறம் ரெண்டு.

தம்பி இன்ஜினியரைத் திரும்பிப் பார்த்தார். இன்ஜினியர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடிச்சார். தம்பியும் எடுத்துக் குடிச்சார்.

"சார், நீங்க இழுங்க."

"நீதானே தம்பி முதல்ல இருக்க. நீ இழு."

இழுக்கிறதுன்னா முன்னால போய் காத்தை வாங்கிக்கிட்டு, பின்னால வர்றவருக்கு மறைப்புக் குடுக்கிறது.

அடுத்த வளைவுல நான் நிமிர்ந்து பார்க்கிறேன், வாத்தியாரோட சிவப்புச் சட்டை ரோட்டுல ரெண்டு அடுக்கு மேல போயிட்டு இருக்கு. ரெண்டு பேர் சொன்னதிலயும் நியாயம் இருக்கு. இன்ஜினியர் இழுத்தா, கூடவே வர்ற தம்பி உச்சிக்கிட்ட வச்சு அவரைத் தாண்டிடுவார். தம்பி இழுத்தாலும் அதேதான். அந்த நியாயம் வாத்தியாருக்குச் சாதகமா முடிஞ்சது.

2025 மே 31 ராத்திரி ஜிரோ டி இத்தாலியா, அதாவது இத்தாலியில பல நாள் நடக்குற சைக்கிள் பந்தயம், பார்த்தவங்களுக்கு இது அப்படியே புரியும். கோலே டெல்லே ஃபினெஸ்ட்ரே, பதினெட்டரை கிலோமீட்டர் ஏற்றம், மேல் பாதியில தார் கிடையாது, மண் ரோடு. மொத்த நேரத்துல முதலிடத்துல இருக்குறவர் போடுற பிங்க் சட்டை மெக்சிகோக்காரர் இசாக் டெல் டோரோகிட்ட. 43 நொடி பின்னால ஈக்வடார் ரிச்சர்ட் கராபாஸ். 1 நிமிஷம் 21 நொடி பின்னால சைமன் யேட்ஸ். கராபாஸ் அடிக்க அடிக்க (திடீர்னு வேகமெடுத்து விலகப் பார்க்க) டெல் டோரோ விடாம ஒட்டிக்கிட்டார். நடுவுல யேட்ஸ் கிளம்பினப்ப யார் துரத்துறதுன்னு ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தாங்க. அன்னிக்கு ஒரே நாள்ல டெல் டோரோ ஐந்து நிமிஷத்துக்கு மேல இழந்தார். கடைசிக் கணக்குல யேட்ஸ் 3 நிமிஷம் 56 நொடியில ஜெயிச்சார்.

இதே மலையிலதான் 2018ல பிங்க் சட்டையோட வந்த யேட்ஸ் சுத்தமா உடைஞ்சு போனார். அன்னிக்கு கிறிஸ் ஃப்ரூம் கடைசி 80 கிலோமீட்டரைத் தனியாளா ஓட்டி பிங்க் சட்டையை வாங்கினார். பின்னால துரத்தின கூட்டத்துல கராபாஸும் மிகேல் ஏஞ்சல் லோப்பஸும் இளைஞருக்கான வெள்ளைச் சட்டைக்காகத் தங்களுக்குள்ள மோதிக்கிட்டு முன்னால வந்து இழுக்க மறுத்துட்டாங்க. ஏழு வருஷம் கழிச்சு அதே மலை, அதே கராபாஸ், அதே பேரம்.

என் கட்சி இதுதான்: பிங்க் சட்டை போட்டவர்தான் துரத்தணும். இழக்கிறதுக்கு அவர்கிட்டதான் அதிகம் இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?

மகாமகக் குளத்தெரு, கும்பகோணம்:

அண்ணே, யார் துரத்தணும்ங்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. எதிராளிக்கு மிச்சம் எவ்வளவு தெம்பு இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? மலையில பாதிச் சண்டை அதை மறைக்கிறதுலதான் இருக்கு.

ஏற்காட்டுல சேலத்துப் பொண்ணு ஒருத்தியோட ஏறிக்கிட்டு இருந்தேன். என்னைவிட இளையவ, லேசான உடம்பு. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது. அவ பக்கத்துல வந்து, "அக்கா, போலாமா?"ன்னா. என்னைச் சோதிக்கிறான்னு புரிஞ்சது. ஒரு வளைவு முழுக்க ஒண்ணும் பேசாம மூச்சைச் சேர்த்து வச்சுக்கிட்டேன். அப்புறம் நிதானமா, முழு வாக்கியமா, "நீ முன்னால போம்மா, நான் இந்தக் காட்டைப் பார்த்துக்கிட்டே வர்றேன், மேல போயி டீ குடிப்போம்"னு சொன்னேன். அதுக்கப்புறம் ரொம்ப நேரம் அவ அடிக்கவே இல்லை. கடைசி வளைவு வரைக்கும் தோளுக்குத் தோள் வந்தோம்.

1964 டூர் டி பிரான்ஸ் பந்தயத்துல, பூய் து டோம் எரிமலை மேட்டுல ஜாக் அங்க்தில் செஞ்சது இதைத்தான்னு நான் நம்புறேன். டூர்ல முதலிடத்துக்கான மஞ்சள் சட்டை அவர்கிட்ட, வித்தியாசம் 56 நொடிதான். ரேமோன் பூலிடோர் அன்னிக்கு மலையில அவரைவிடத் தெம்பா இருந்தார். அங்க்தில் பூலிடோரோட பின்சக்கரத்துல ஒளிஞ்சுக்கலை, பக்கத்துலயே ஏறினார். தோளும் முழங்கையும் உரசுற அந்தப் போட்டோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. பூலிடோர் அவரை உதறிட்டுப் போனது கடைசி ஒரு கிலோமீட்டர் வாக்குலதான். 42 நொடி போச்சு, 14 நொடியில சட்டை தப்பிச்சது. பாரிஸ்ல அங்க்தில் 55 நொடி வித்தியாசத்துல தன்னோட ஐந்தாவது டூர் பட்டத்தை வாங்கினார்.

எதிராளியை அளக்க நான் பார்க்குறது தோளைத்தான். தோள் ரெண்டு பக்கமும் ஆட ஆரம்பிச்சா இடுப்புக்குக் கீழ வலு குறையுதுன்னு அர்த்தம். அப்புறம் கியர் சத்தம். நல்லா இருக்குறவ ஒரு கியரைப் போட்டா அதுலயே கொஞ்ச தூரம் போவா. திணறுறவ நிமிஷத்துக்கு ஒருதரம் மேலயும் கீழயும் மாத்திக்கிட்டே இருப்பா. கண்ணால பார்க்க முடியலைன்னாலும் காதுல கேட்கும்.

உப்பளக்காத்து, வேதாரண்யம்:

தஞ்சாவூர் அண்ணன் யேட்ஸைப் பத்திச் சொன்னீங்க, அவரோட அணிக்காரர் வூட் வான் ஆர்ட்டை விட்டுட்டீங்களே. யேட்ஸ் ஜெயிச்சது ஏற்றத்துல மட்டும் இல்லை. அவர் அணி காலையிலயே வான் ஆர்ட்டை முன்னால போன கூட்டத்தோட அனுப்பி வச்சிருந்தது. யேட்ஸ் உச்சியைத் தாண்டி இறங்குறப்ப வான் ஆர்ட் அங்க தயாரா இருந்தார். அன்னிக்குப் பந்தயம் முடிஞ்ச செஸ்ட்ரியேர் போற பள்ளத்தாக்குல காத்தை அவர் வாங்கிக்கிட்டு யேட்ஸை இழுத்துக்கிட்டுப் போனார். பின்னால இருந்த ரெண்டு பேருக்கும் அந்த வசதி இல்லை.

காத்தோட அருமை எங்களுக்குத் தெரியும். அகஸ்தியம்பள்ளியில இருந்து கோடியக்கரை போற ரோட்டுல உப்பளத்துப் பக்கம் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. பக்கக்காத்து அடிச்சா நேர்வரிசையில போறது வீண். காத்து வர்ற பக்கம் ஒருத்தர், அவருக்குக் கொஞ்சம் பின்னால சாய்வா அடுத்தவர்னு ரோட்டோட அகலம் முழுக்க அடுக்கி ஓட்டணும். ரோடு எத்தனை பேருக்கு இடம் குடுக்குதோ அத்தனை பேருக்குத்தான் மறைப்பு. இடம் கிடைக்காதவர் ஓரத்துல தனியாக் கிடந்து சாகணும்.

செங்குத்து மேட்டுல வேகம் குறைச்சல், அதனால ஒருத்தர் பின்னால ஒளிஞ்சு பெரிசா ஒண்ணும் மிச்சமாகாது. ஆனா கொல்லிமலையில 70 வளைவு முடிஞ்சதோட விஷயம் முடியலை. சோளக்காடு தாண்டி அறப்பளீஸ்வரர் கோயில் வரைக்கும் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகும் ரோடு. அங்க வேகம் உண்டு, மறைப்புக்கு மதிப்பு உண்டு. எங்க செட்டுல ஒருத்தரை அடிவாரத்துல இருந்தே முன்னால விட்டுட்டோம். மற்ற ஊர்க்காரங்க, "அவர் நிக்க மாட்டார், விடுங்க"ன்னு கண்டுக்கலை. நான் உச்சிக்குத் தனியா வந்து சேர்ந்தப்ப அவர் மெதுவா மிதிச்சுக்கிட்டு என்னைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தார். கோயில் வரைக்கும் ஒரு வார்த்தை பேசாம இழுத்தார். பின்னால வந்த மூணு பேரால எங்களை நெருங்கவே முடியலை.

அந்த மாதிரி ஆளோட பேரு எந்த முடிவுப் பட்டியல்லயும் மேல வராது. அதுதான் எனக்கு வருத்தம்.

பழைய அட்லஸ், திருவையாறு:

தம்பிகளா, எல்லாரும் நல்லா எழுதுறீங்க. நான் ரெண்டு விஷயம் சொல்றேன்.

முதல் விஷயம் சோறு. மலைப் பந்தயத்துல பசி வந்தப்புறம் சாப்பிட்டா ஆவாது. எதிராளி பாக்கெட்டுல கை விடுற நேரம் பார்த்து நான் எழுந்து நின்னு மிதிச்சிருக்கேன். கடலைமிட்டாயைப் பாதி பிரிச்சவர் திரும்ப உள்ள வச்சுட்டு என்னைத் துரத்துவார். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கை போகும், மறுபடி நான் எழுந்திருப்பேன். மேல் வளைவுகள்ல அவருக்குக் கண்ணு சொருகும். இது முறைதான், இதுல தப்பில்லை. ஆனா எதிராளி விழுந்தா நிக்கணும். 2022 டூர்ல ஸ்பாண்டெல் இறக்கத்துல போகாச்சர் விழுந்தப்ப மஞ்சள் சட்டை போட்ட விங்கெகோர் வேகத்தைக் குறைச்சுக் காத்திருந்தார். போகாச்சர் வந்து கையைப் பிடிச்சார். அதைப் பார்த்து எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அப்புறம் ஓட்டக்காம் உச்சியில விங்கெகோரே ஜெயிச்சார், அது வேற. 2010ல ஆண்டி ஷ்லெக்குக்கு பாலேஸ் மேட்டுல செயின் கழண்டப்ப கோன்டாடோர் நிக்காம போனதும், 39 நொடி எடுத்ததும் எனக்கு இன்னிக்கும் ஆறலை.

ரெண்டாவது, யார் துரத்தணும்ங்கிற கேள்வி. தஞ்சாவூர் தம்பி, முதலிடத்துல இருக்குறவர் எல்லாத்தையும் துரத்தணும்னு சொன்னா 2022 ஜூலை 13ஐப் பாருங்க. போகாச்சர் மஞ்சள் சட்டை, விங்கெகோர் 39 நொடி பின்னால. கலிபியே மலையில ரோக்லிச் அடிச்சார், போகாச்சர் துரத்தினார். விங்கெகோர் அடிச்சார், துரத்தினார். மறுபடி ரோக்லிச். ரோக்லிச்சும் விங்கெகோரும் ஒரே அணி. ரோக்லிச் நேரக் கணக்குல ரொம்பப் பின்னால கிடந்தவர், அவரை விட்டிருக்கலாம். வாய்க்காலை வழி நெடுக வெட்டிவிட்டா கடைமடைக்கு என்ன மிஞ்சும்? கடைசி மலை கிரானோன், 11 கிலோமீட்டர், 9 சதவீதத்துக்கு மேல சாய்வு. உச்சிக்கு ஐந்து கிலோமீட்டர்கூட இல்லாத இடத்துல விங்கெகோர் எழுந்தார். போகாச்சரால உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய முடியலை. 2 நிமிஷம் 51 நொடி போச்சு, சட்டையும் போச்சு.

நீடாமங்கலம் ரவுண்டானா, மன்னார்குடி:

ஐயா, அப்போ ரெண்டு பேர் மாத்தி மாத்தி அடிச்சா என்னதான் செய்யிறது? துரத்தினா கிரானோன், துரத்தலைன்னா ஃபினெஸ்ட்ரே. அடுத்த தடவை நானும் ஏறப்போறேன், அதுக்குத்தான் கேட்கிறேன்.

சிவப்புச் சட்டை, பாபநாசம்:

தஞ்சாவூர்க்காரர் சொன்ன வாத்தியார் நான்தான். தம்பி கேட்டதால எழுதுறேன்.

கொல்லிமலையில நான் முன்கூட்டியே ஒரு இடத்தைக் குறிச்சு வைக்கலை. அவங்க ரெண்டு பேரும் ஒருத்தர் முன்சக்கரத்தை ஒருத்தர் பார்த்தபடியே ஏறினாங்க, என்னைப் பார்க்கவே இல்லை. அதைக் கவனிச்சேன். எழுந்து நின்னு அடிச்சிருந்தா ரெண்டு பேரும் உடனே வந்திருப்பாங்க. அதனால உட்கார்ந்தபடியே ஒரு கியர் மட்டும் கூட்டினேன். வளைவுல உள்பக்கம் தூரம் கம்மி, ஆனா செங்குத்து. நான் வெளிப்பக்கமாச் சுத்தி, வேகம் விழாம போனேன். அவங்க ஒவ்வொரு தடவையும் உள்பக்கம் எழுந்து நின்னு மிதிச்சு, அப்புறம் உட்கார்ந்து மூச்சு வாங்கினாங்க.

ஏற்காட்டுல கதை மாறிடுச்சு. மொத்த நேரத்துல இப்போ நான் முதலிடம், தம்பி ரெண்டாவது, ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல வித்தியாசம். இன்ஜினியர் அதுக்கும் பின்னால. ராத்திரி அவங்க ரெண்டு பேரும் பேசி வச்சுட்டாங்கன்னு முதல் வளைவுலயே தெரிஞ்சுபோச்சு. இன்ஜினியர் அடிச்சார். நான் தம்பியோட பின்சக்கரத்தை விடலை. தம்பி திரும்பிப் பார்த்து, "சார், அவர் போறார்"னார். "போகட்டும்பா"ன்னேன். கொஞ்ச தூரம் கழிச்சு தம்பி அடிச்சார், அதுக்கு மட்டும் பதில் சொன்னேன். மறுபடி அடிச்சார், மறுபடி போனேன். இன்ஜினியர் மேல 20, 30 நொடி தூரத்துல எங்களுக்காகக் காத்திருந்தார். அவர் வேகத்தைக் குறைச்சப்ப நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துட்டோம். சேர்ந்ததும் அவர் திரும்ப அடிச்சார், திரும்ப விட்டேன்.

ஏற்காட்டுக்கு 20 வளைவு. பதினாறாவதுல தம்பி இன்ஜினியரைப் பார்த்து, "சார், இனி எனக்காக நிக்காதீங்க, நீங்க போங்க"ன்னு கத்தினார். அவர் போனார், அன்னிக்கு மலையில முதல்ல வந்தது அவர்தான். தம்பி கடைசி வளைவுல இன்னொரு தடவை எழுந்து மிதிச்சார். நான் அவர் முழங்கைக்குப் பக்கத்துல இருந்தேன். ஏரிக்கரை வந்ததும் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல காலை ஊன்றினோம். மொத்தக் கணக்குல எனக்கு முதலிடம்.

மன்னார்குடித் தம்பிக்கு இதுதான் என் பதில்: முதல் நாள் ராத்திரியே நேரப் பட்டியலை எடுத்து, யாரை எத்தனை நொடி வரைக்கும் விடலாம்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண் எழுதி, ஹேண்டில்பார்ல ஒட்டிக்கோங்க. மேல மூச்சு முட்டுறப்ப கணக்குப் போட வராது. நான் அன்னிக்கு இன்ஜினியருக்கு எழுதியிருந்தது 90.