பேச்சுத் தாமதமுள்ள பிள்ளை: சாதாரண வகுப்பா, விசேட கல்வி அலகா?

களுவாஞ்சிக்குடித் தாய்:
என் மகனுக்குத் தை மாதம் ஐந்து வயது நிறைவடைகிறது. இன்னும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுவதில்லை. ஒரு பாடசாலையில், பேசத் தொடங்கிய பின் கொண்டுவரும்படி கூறித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவனைச் சாதாரண வகுப்பில் சேர்ப்பதா, பாடசாலைக்குள் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கென இருக்கும் தனி வகுப்பான விசேட கல்வி அலகில் சேர்ப்பதா? நான் என்ன செய்வது?

அக்கரைப்பற்று ஆசிரியர்:
அம்மா, அந்தப் பதில் சரியன்று. 5 முதல் 16 வயது வரையான கட்டாயக் கல்வி உங்கள் பிள்ளைக்கும் உரியது. இயலாமையைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவன அனுமதியில் பாரபட்சம் காட்டுவதை இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, இயலாமையுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் தடுக்கிறது. வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடம் எழுத்து மூலம் விண்ணப்பித்து, பிரதியொன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும்.

மட்டக்களப்பு பேச்சுச் சிகிச்சையாளர்:
வகுப்பைத் தீர்மானிக்கும் முன் செவிப்புலனைப் பரிசோதியுங்கள். நடுக்காதில் நீர் தேங்கிய பிள்ளை கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், ஆனால் மெல்லிய ஒலிகளைத் தவறவிடும். அதனால் வீட்டார் ஐயுறுவதில்லை. "ஆண் பிள்ளை பிந்தித்தான் பேசும்" என்று காத்திருந்து வருடங்களை இழந்தவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். குழந்தை நல வைத்திய நிபுணரைக் காணும்போது பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் கொண்டுசெல்லுங்கள்.

கல்முனைத் தந்தை:
என் மகள் விசேட அலகில் தொடங்கி, சித்திரம், விளையாட்டுப் பாடங்களுக்குச் சாதாரண வகுப்பில் அமர்ந்தாள். இன்று முழுநேரமும் சாதாரண வகுப்பில்தான் இருக்கிறாள்.