அம்னே, ஆம்னே, அப்போர்த்தே, ஆம்போர்த்தே... எப்பதான் பிடிபடும்?

லியோன்_புதுசு:
பிரான்ஸ்ல லியோன் வந்து எட்டு மாசம் ஆச்சு, பிரெஞ்சு பி1 (நடுத்தர லெவல்) கிளாஸ் போயிட்டிருக்கேன். போன ஞாயித்துக்கிழமை கூட வேலை பாக்கிற பொண்ணு சாப்பிடக் கூப்பிட்டிருந்தா, ஊர்லேர்ந்து மாமியார் வந்திருக்காங்க அவங்களையும் கூட்டிட்டு வரேன்னு சொல்லணும், நான் அவசரத்துல "ழப்போர்த் மா பெல்மேர்"னு மெசேஜ் தட்டிட்டேன். "ஃப்ரிட்ஜ்ல எடம் ஒதுக்கணுமா?"னு கேட்டா. மாமியாரை ஏதோ பொருள் மாதிரி கொண்டு வரேன்னு எழுதிட்டேன், அது கிண்டல்னே மறுநாள் கிளாஸ்லதான் புரிஞ்சுது 😭 டிக்‌ஷனரில பாத்தா எல்லாத்துக்கும் பிரிங், டேக்னு மாத்தி மாத்திப் போட்டிருக்கு, காதுக்கு வேற அம்னேவும் ஆம்னேவும் ஒண்ணாவே கேக்குது. நீங்கல்லாம் எப்படிங்க ஞாபகம் வச்சுக்கறீங்க?

காரைக்கால்காரன்:
இங்கிலீஷ் வழியா போறதுதான் வினையே. இந்த நாலும் தமிழ்ல அப்படியே இருக்கு பாருங்க. கூட்டிட்டு வா அம்னே, கூட்டிட்டு போ ஆம்னே, கொண்டு வா அப்போர்த்தே, கொண்டு போ ஆம்போர்த்தே. மாமியாரைக் கொண்டு வரேன்னு தமிழ்ல சொல்வீங்களா? 😄 முன்னாடி வெறும் 'அ' வந்தா இந்தப் பக்கம் வருது, மூக்கால 'ஆ(ம்)' வந்தா இங்கேர்ந்து கிளம்புது, அவ்ளோதான். பேக்கரில "சுர் ப்லாஸ் ஊ ஆ ஆம்போர்த்தே"னு கேப்பாங்கல்ல, இங்கயே சாப்பிடறீங்களா பார்சலான்னு, அந்த ஆம்போர்த்தேதான் இது. அந்த 'ம்னே' இருக்கே, அது மாட்டை அதட்டி ஓட்டறதுக்கு லத்தீன்ல இருந்த சொல்லுலேர்ந்து வந்தது, அதனால தன் கால்ல நடக்கறதுக்குத்தான் அது பொருந்தும். போர்த்தேன்னா தூக்கறது.

லா_ஷப்பேல்_அண்ணை:
தம்பி சொல்லுறது புத்தகத்துக்குச் சரி, ஆனா இஞ்ச ஆர் அப்பிடிக் கதைக்கினம்? பரிஸில 19 வருசமா ரெஸ்டோரண்ட் வேலை, ஒவ்வொரு நாளும் ஷெஃப் கத்துறது "அமென் லே வேர்" (கண்ணாடிக் கிளாஸுகளைக் கொண்டு வா) எண்டுதான், கிளாஸுக்கு எப்ப கால் முளைச்சதோ தெரியேல்ல. வேலை முடிஞ்சு வரேக்க மகளிட்ட இருந்து "ரமென் து பேன்" (வரேக்க பாண், அதான் ரொட்டி, கொண்டு வாங்கோ) எண்டு மெசேஜ் வரும், பாணுக்கு ரப்போர்த் எண்டு அவள் ஒருநாளும் எழுதினதில்ல, இஞ்ச பிறந்த பிள்ளை. பிரெஞ்சு மொழிக்குச் சரி பிழை சொல்லுற பிரெஞ்சு அகாதெமி இதைப் பிழை எண்டுதான் சொல்லும், எக்ஸாமில எழுதிப்போடாதேங்கோ. ஆனா ஒண்டு தங்கச்சி, பொருளுக்கு அம்னே போட்டா ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டினம், ஆளுக்கு அப்போர்த்தே போட்டா சிரிப்பினம். சந்தேகம் வந்தா அம்னே பக்கம் சாயுங்கோ.

லியோன்_புதுசு:
அப்ப கைக்குழந்தை? அதைத் தூக்கிட்டுத்தானே வரோம், நடக்காதே! காரும் நடக்காது, கராஜுக்கு விடறதுக்கு என்ன சொல்றது?

காரைக்கால்காரன்:
கைக்குழந்தைன்னாலும் அம்னேதான், நாம குழந்தையைக் கூட்டிட்டு வந்தேன்னு சொல்றதில்லையா. காருக்கும் அம்னே, அது தானா உருளுதே. இன்னொண்ணு, ஆளுக்கு ஆம்போர்த்தே வர்ற எடமும் உண்டு. வெள்ளம் அடிச்சிட்டுப் போனா, வியாதி கொண்டு போனா ஆம்போர்த்தேதான், நம்ம ஊர்லயும் எமன் கூட்டிட்டுப் போனான்னு சொல்றதைவிட கொண்டு போயிட்டான்னுதானே சொல்றோம். அதனால மாமியாருக்கு அந்த வார்த்தை மட்டும் வேண்டாம் 🙏

லா_ஷப்பேல்_அண்ணை:
😂😂 பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையளை விட்டுட்டு வாறதுக்கு அம்னே, சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் கூட இருந்து பாக்கிறதுக்கு ஆம்னே எண்டு ரீச்சர்மார் பிரிச்சுச் சொல்லுவினம், ஆனா பள்ளிக்கூட வாசலில தாய்மார் ரெண்டையும்தான் சொல்லினம். அதுக்கு மண்டையை உடைக்காதேங்கோ.

லியோன்_புதுசு:
ரொம்ப தேங்க்ஸ் ரெண்டு பேருக்கும். வர்ற ஞாயிறு அவ எங்க வீட்டுக்கு வரா, "ழமென் ல தெஸேர்"னு (டெசர்ட் நான் கொண்டு வரேன்) இப்பதான் மெசேஜ் வந்துச்சு. கேக் நடந்து வருமா, லிஃப்ட்ல வருமான்னு கேட்டிருக்கேன், இன்னும் பதில் இல்ல.