பிள்ளைகளோட புள்ளி, வரவு எல்லாம் கம்பியூட்டருக்கு மாத்தினதில வேலை ரெண்டு மடங்காகிட்டு, உங்க ஸ்கூல்ல எப்படி?

கொட்டாஞ்சேனை மிஸ்:
எல்லாருக்கும் வணக்கம். நான் கொழும்புல ஒரு தமிழ் மீடியம் ஸ்கூல்ல ஐசிடி, அதாவது கம்பியூட்டர் பாடம் படிப்பிக்கிறேன். போன தவணையில இருந்து புள்ளியும் வரவும் கம்பியூட்டர்ல போடணும்னு அதிபர் சொல்லிட்டாங்க, நல்ல விஷயம்தான், நானும் கேட்டதுதான். ஆனா வரவு இடாப்பும் நிக்கல்ல, புள்ளிப் புத்தகமும் நிக்கல்ல, வகுப்பு டீச்சர் கையால எழுதிக் கூட்டி அந்தத் தாளை என்கிட்ட தாறாங்க, நான் எக்செல்ல அடிக்கிறேன், 14 வகுப்புக்கும் நான் ஒரு ஆள். தரம் 12 ஜிஐடி (பொதுத் தகவல் தொழில்நுட்பம்) பீரியட்ல பிள்ளைகள் லேப்ல காத்துட்டு இருக்காங்க, நான் ஆபீஸ்ல பிரின்டரோட நிக்கிறேன். அது மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு. என்னை விட 20 வருஷம் சீனியர் டீச்சர்மார் கிட்ட நீங்களே அடிங்கன்னு எப்படிச் சொல்றது?

வெள்ளவத்தை சேர்:
பிள்ளை, அதை நீங்கள் சொல்லக் கூடாது, அதிபர்தான் சொல்ல வேணும். நான் பிரதி அதிபரா இருந்த இடத்தில ஒரு தவணை மட்டும் ரெண்டு விதமும் எண்டு ஸ்டாஃப் மீட்டிங்கில திகதியோட முடிவெடுத்து கூட்டக் குறிப்பில எழுதினனாங்கள். அதுக்குப் பிறகு புள்ளிப் புத்தகத்துக்குப் பதிலா பிரின்ட், அதில வகுப்பாசிரியற்ற கையெழுத்து. வரவு இடாப்பில மட்டும் கை வைக்காதேங்கோ, வலயக் கல்விப் பணிமனையில கேட்டு எழுத்தில பதில் வரட்டும், ஆடிட் வந்தா முதல்ல கேக்கிறது அதைத்தான். இன்னொண்டு, முந்தி புள்ளித் தாள் பகுதித்தலைவற்ற (சில தரங்களுக்குப் பொறுப்பான ஆசிரியர்) மேசையைத் தாண்டித்தான் அதிபரிட்டப் போகும், எந்தப் பிள்ளை சறுக்குது எண்டு அவருக்குத்தான் முதல்ல தெரியும். இப்ப ஃபைல் உங்களிட்ட இருந்து நேரா மேல போகுது. அவரை விட்டிட்டு ஓடாதேங்கோ, பிறகு ஒருத்தரும் ஒத்துழைக்க மாட்டினம்.

தெமட்டகொட அம்மா:
நான் டீச்சர் இல்ல, தாய். என் மகளுக்கு கணிதத்துல 71, ரிப்போர்ட்ல 17ன்னு வந்துச்சு. வகுப்பு மிஸ் கிட்ட கேட்டா கம்பியூட்டர்ல அப்படித்தான் இருக்குன்னாங்க, ஐசிடி மிஸ் கிட்ட கேட்டா தந்ததைத்தான் அடிச்சேன்னாங்க. பிள்ளை ரெண்டு நாள் அழுதுச்சு. புள்ளி போடுற ஆளே அடிச்சா யார்கிட்ட கேக்கணும்னாவது எங்களுக்குத் தெரியும்.

தெஹிவளை தம்பி:
மிஸ், பெயரை வச்சு லிஸ்ட் செய்யாதீங்க, சேர்விலக்கத்தை, அதாவது பிள்ளை ஸ்கூல்ல சேரும்போது குடுக்கிற நம்பரை வச்சு செய்ங்க. பழைய லிஸ்ட் அனேகமா பாமினில இருக்கும், அது இங்கிலீஷ் எழுத்து இருக்கிற இடத்துல தமிழ் உருவத்தை வச்ச ஃபொண்ட், யூனிகோட் ஃபைல்ல ஒட்டினா பெயர் எல்லாம் சிதறிடும், தேடினாலும் பிள்ளை கிடைக்காது. ஒரு தரம் கன்வேர்ட்டர்ல மாத்தி வகுப்பு டீச்சர் கிட்டயே பெயரைச் சரி பார்க்கக் குடுங்க. ஒவ்வொரு வகுப்புக்கும் தனி ஷீட், கூட்டுற இடத்தை லொக் பண்ணிடுங்க, அவங்க புள்ளி மட்டும் அடிச்சா போதும். தவணைக்கு ஒரு தரம் முழுசா பிரின்ட் எடுத்து வைங்க, 2022 மார்ச் கடைசில ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாம இருந்தது ஞாபகம் இருக்கும்தானே.

கொட்டாஞ்சேனை மிஸ்:
அக்கா, உங்க மகள் கதை படிச்சிட்டு இன்னைக்கு என் ஷீட் எல்லாம் திருப்பிப் பார்த்தேன், 2 பிழை இருந்துச்சு, திருத்திட்டேன். சேர், நாளைக்கு முதல்ல பகுதித்தலைவரைச் சந்திக்கிறேன், அவங்களையும் கூட்டிட்டுத்தான் அதிபர் கிட்ட போவேன். தம்பி, அந்த லொக் பண்றது வகுப்பு டீச்சர்மார் ஃபோன்ல திறந்தாலும் வேலை செய்யுமா?