மறுமொழி: ‘சிம்ப்ளிஸ்டிக்’ – தமிழில் என்ன சொல்வது?

வணக்கம். ‘சிம்ப்ளிஸ்டிக்’ (simplistic) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த உரையாடலில், வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> எதற்குப் புதுச்சொல்? ‘எளிமையான வாதம்’ என்றே எழுதிவிடலாமே.

முடியாது ஐயா. தமிழில் எளிமை பாராட்டுச் சொல். ‘உங்கள் விளக்கம் எளிமையாக இருந்தது’ என்றால் எழுதியவர் நன்றி சொல்வார். ‘சிம்ப்ளிஸ்டிக்’ என்றால் முகம் சுருங்கும். திட்டு இல்லைதான், ஆனாலும் விடக்கூடாததை விட்டுவிட்டீர்கள் என்ற குறை அதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போதே ‘சிம்பிள்’ என்பதற்குக் கொஞ்சம் பந்தாவான மாற்று என்று நினைத்துப் பலர் இதைப் போட்டுவிடுகிறார்கள். நானே என் கட்டுரையில் என் முறையை அப்படி வர்ணித்து, திருத்தியவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். மேலிருந்து விழும் கல்லுக்குக் காற்றுத் தடையை விட்டுவிட்டு, முடுக்கம் (வேகம் நொடிக்கு நொடி கூடும் அளவு) 9.8 மீ/நொ² என்று போடுகிறோம். எதை விட்டோம் என்று சொல்லிவிட்டே விடுகிறோம். விடையும் ஏறக்குறைய சரியாக வருகிறது. இது எளிமையாக்கம். அதே கணக்கை 1,000 மீட்டர் உயரத்திலிருந்து பாராசூட்டில் குதிப்பவருக்குப் போட்டால், நொடிக்கு 140 மீட்டர் வேகத்தில் தரையில் மோதுவார் என்று வரும். அங்கே காற்றுதான் விஷயமே. நாம் தேடும் சொல் இந்த இரண்டாவதற்கு.

இதுவரை வந்த சொற்களில் ‘மேலோட்டமான’ பக்கத்தில் வருகிறது. ஆனால் அது உழைப்பின்மையைக் குறிக்கிறது. மாதக்கணக்கில் உழைத்தும் ஒருவர் இந்தத் தவறைச் செய்யலாம். ‘பாமரத்தனமான’ வேண்டவே வேண்டாம், வாதத்தை விட்டு ஆளைக் குத்துகிறது. ‘குறுக்கல்வாதம்’ (reductionism) தத்துவத்தில், எதையும் அதன் கூறுகளாகக் குறைத்து விளக்குவது என்ற வேறு பொருளில் புழங்குகிறது.

என் பரிந்துரை: மிகையெளிமை.

> ‘மிகவும் எளிமை’ என்று படித்துவிட மாட்டார்களா?

நியாயமான பயம்தான். ஆனால் மிக வேறு, மிகை வேறு. ‘மிகை நடிப்பு’ என்றால் யாரும் நல்ல நடிப்பு என்று எடுத்துக்கொள்வதில்லை. ‘உடம்பும் மிகை’ என்று குறள் (345) சொல்வதும் வேண்டாத சுமை என்ற பொருளில்தான். அளவு மீறியது என்ற குறை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அதனால்தான் ‘மிகவும் மிகையெளிமையான’ என்று எழுத வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் ‘ஓவர்லி சிம்ப்ளிஸ்டிக்’ என்று எழுதுவதும் இதே கதை, நம்ம ‘நடு சென்டர்’ மாதிரி. தணித்துச் சொல்ல வேண்டுமானால் ‘சற்று’ போதும்: ‘இந்த விளக்கம் சற்று மிகையெளிமையாகத் தெரிகிறது, காற்றுத் தடை கணக்கில் வரவில்லை.’ காற்புள்ளிக்கு அப்புறம் வருவதை விட்டுவிடாதீர்கள். எது விடுபட்டது என்று சொல்லாமல் இந்தச் சொல்லை மட்டும் வீசினால் அது விமர்சனமாகாது, முகச்சுளிப்புதான்.

வினைக்கு மட்டும் இது ஒத்துவரவில்லை. ‘மிகையெளிமைப்படுத்துகிறார்’ என்பதைச் சொல்வதற்குள் மூச்சு வாங்குகிறது. ‘மிகையாக எளிமைப்படுத்துகிறார்’ என்று பிரித்தே எழுதலாம் என்பது என் எண்ணம். இதைவிடச் சின்னதாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.