பழைய காரில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால்: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இங்கே வந்ததும் நம்மில் பலர் வாங்கும் முதல் கார் 15, 20 வயதான கொரோலாவோ சிவிக்கோதான். நல்ல கார்கள், தயங்காமல் வாங்கலாம். ஆனால் டாஷ்போர்டில் ஒரு விளக்கை மட்டும் நன்றாக அடையாளம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தையல் மெஷினுக்கு எண்ணெய் விடும் குப்பி மாதிரி, மூக்கு நுனியில் ஒரு சொட்டோடு, சிவப்பாக எரியும்.

ஆயில் கொஞ்சம் குறைந்திருக்கும், வீட்டுக்குப் போய் ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துப் பலர் ஓட்டிக்கொண்டே போகிறார்கள். வேண்டாம். அந்த விளக்குக்கு ஆயில் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாது, பிரஷர் மட்டும்தான் தெரியும். எஞ்சினுக்குள் சுற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட், தன்னைத் தாங்கும் பேரிங்கை உரசாமல் சுற்றுவது நடுவில் பிரஷரோடு ஓடும் மெல்லிய ஆயில் படலத்தால்தான். அது இல்லையென்றால் ஓரிரு நிமிடத்திலேயே எஞ்சின் பாழாகிவிடலாம். 401 நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தாலும் சரி, ஹஸார்டு விளக்கைப் போட்டு வலது ஓரம் ஒதுங்கி எஞ்சினை அணைத்துவிடுங்கள். டொயோட்டாவில் மஞ்சளாக வரும் மெயின்டனன்ஸ் விளக்கு வேறு. அது சர்வீஸ் செய்யும் நேரம் வந்ததை நினைவூட்டுவது, அதற்குப் பதற வேண்டாம்.

நீங்கள் கூப்பிடாமலே ஒரு டோ டிரக் வந்து நின்றால் அவசரப்படாதீர்கள். ஒன்டாரியோவில் வண்டியை இழுப்பதற்கு முன் சம்மதப் படிவத்தில் உங்கள் கையெழுத்து வாங்க வேண்டும். எங்கே கொண்டுபோகிறார்கள், எவ்வளவு ஆகும் என்று படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

வண்டியை இழுத்துப் பாதுகாப்பான, சமதளமான இடத்துக்குக் கொண்டுவந்தபின் பத்து நிமிடம் விட்டு, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவுங்கள். துணியால் துடைத்து, முழுக்க உள்ளே விட்டு, மறுபடி எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் இருக்க வேண்டும். பல சிறிய கார்களில் அந்த இடைவெளி ஏறத்தாழ ஒரு லிட்டர். கீழ்க்குறிக்கும் கீழே இருந்தால் கால் கால் லிட்டராக ஊற்றி அளந்து பாருங்கள். அளவு சரியானதும் ஸ்டார்ட் செய்து, சில நொடிகளில் விளக்கு அணைந்தால் நல்லது. அப்புறம் அந்த ஆயில் எங்கே போனது என்று தேட வேண்டும்: கசிகிறதா, எரிகிறதா என்று. அணையவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.

அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால்தான் பலர் ஏமாறுகிறார்கள். எனக்கும் அது நடந்தது. 2005 கொரோலா, 2,30,000 கிலோமீட்டர் ஓடியது. எஞ்சின் சூடானபின் சிக்னலில் நின்றால் விளக்கு மினுக்கும், ஆக்சிலரேட்டரைத் தொட்டால் அணையும். முதலில் போன கராஜில் பானட்டைத் திறந்து காதால் கேட்டுவிட்டு, எஞ்சின் போய்விட்டது, 4,000 டாலர் ஆகும் என்றார்கள். இரண்டாவது மெக்கானிக் ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கும், அந்த விளக்கை எரியவைக்கும் பிரஷர் சுவிட்சின் கனெக்டரை இழுத்துக் காட்டினார். உள்ளே இருந்த உலோக முனை முழுக்க ஆயில் ஊறிக் கறுத்திருந்தது. சுவிட்சைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷரை அளக்கும் ஒரு கேஜைத் திருகினார். சூடான எஞ்சின், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் 15 பிஎஸ்ஐ (பிரஷரின் அளவு), நிமிடத்துக்கு 3,000 சுற்றில் 50. பிரஷருக்கு ஒரு குறையும் இல்லை, கெட்டது சுவிட்ச்தான். கூலியோடு நூறு டாலர்கூட ஆகவில்லை. அதனால் சொல்கிறேன், கேஜ் வைத்துப் பார்க்காமல் எஞ்சின் மாற்ற யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

கேஜிலும் பிரஷர் குறைவாகவே காட்டினால் பிரச்சினை உண்மையானது. பேரிங் தேய்ந்திருக்கலாம், பம்ப் பலவீனமாகியிருக்கலாம், அடியில் ஆயிலை உறிஞ்சும் சல்லடையில் கசடு அடைத்திருக்கலாம். அப்போது செலவையும் காரின் விலையையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டியதுதான்.

பழைய வண்டிக்குக் கெட்டியான ஆயில் ஊற்று என்று ஊரில் கேட்டிருப்போம். 20டபிள்யூ-50 அங்கே சரி. இங்கே மைனஸ் 20-இல் அது தேன் மாதிரி இறுகி, ஸ்டார்ட் செய்த நேரத்தில் பம்பால் எளிதில் இழுக்க முடியாது. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண்தான் குளிருக்கானது. காரின் கையேட்டில் 5டபிள்யூ-30 என்றிருந்தால் அதையே ஊற்றுங்கள்.

இன்னும் கார் வாங்காதவர்கள், பார்க்கப் போகும்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் வரை திருப்பிப் பாருங்கள். சிவப்பு ஆயில் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் பல்ப் போயிருக்கலாம், அல்லது யாரோ வயரைக் கழற்றியிருக்கலாம். காரணம் தெரியாமல் அந்தக் காருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.