பாட்டி வீட்டுப் பிள்ளைங்க – குடும்ப குரூப்

பாப்பா (காலை 8:40): அத்தை, சித்தி, யாராச்சும் இருக்கீங்களா? ஒன்னு கேக்கணும். ஃபேக்டரில இந்த மாசம் ஃபுல்லா நைட் ஷிஃப்ட், ஞாயித்துக்கிழமை பூசைக்கு போயே நாளாச்சு. வீட்டுக்கு வந்து செபம் சொல்ல உக்காந்தா வாய்தான் அசையுது, மனசு அங்க மெஷின்கிட்டயே நிக்குது. ஆண்டவர் எங்கயோ தூரமா போயிட்ட மாதிரி இருக்கு

சித்தி (8:52): ஐயோ பாப்பா. திருப்பாடல் 13 எடுத்து படி மா. ஆறே வசனம்தான். என்னைய இன்னும் எத்தனை நாள் மறந்திருப்பீங்கன்னு ஆண்டவர்கிட்ட சண்டை புடிக்கிற மாதிரி ஆரம்பிக்கும், பாட்டு பாடி முடியும். நீயும் மனசுல உள்ளத அப்படியே அவர்கிட்ட கொட்டிடு லா

தம்பி (8:55): அக்கா தினசரி வாசகம் ஆப்ல ஆடியோவா வருது, வேலை செஞ்சிக்கிட்டே கேளு

பாப்பா (8:57): உள்ள ஃபோனே கொண்டு போக முடியாது டா, லாக்கர்ல வச்சிடணும். மோதிரம், வளையல் எல்லாம் கழட்டணும், செபமாலை மோதிரத்தையும் சேத்துதான்

பட்டர்வொர்த் அத்தை (9:10): மோதிரம் போனா என்ன மா, விரல் பத்தும் உன்கிட்டதானே இருக்கு. செபமாலையோட பத்து மணிகளுக்கு பதிலா பத்து தடவ அருள் நிறை மரியே, கையுறைக்குள்ள கட்டை விரல்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு விரலா லேசா அழுத்திக்கிட்டே வா, சுண்டு விரல் வந்தா அடுத்த கைக்கு மாறு, யாருக்கும் தெரியாது. ஸ்மோக், அதான் அந்த ஃபேக்டரி அங்கி, அத போட்டு ஜிப் இழுக்கிறப்ப மனசுக்குள்ள ஒரு சிலுவை அடையாளம், இந்த ஷிஃப்ட் உங்களுக்குத்தான் ஆண்டவரேன்னு ஒரு வார்த்தை, அது போதும். பாரிஸ்ல கார்மேல் மடத்துல லாரன்ஸ்னு ஒரு சகோதரர், 1691ல இறந்தாரு, மடத்து சமையக்கட்டுல சட்டி பானை சத்தத்துக்கு நடுவுல ஆண்டவரோட பேசிக்கிட்டே வேலை செஞ்ச மனுஷன். வேலை முடியட்டும் அப்புறம் செபம்னு அவர் காத்திருக்கல

பாப்பா (9:14): ஆனா எதுவுமே ஃபீல் ஆக மாட்டேங்குது அத்தை, அதான் பயமா இருக்கு

பட்டர்வொர்த் அத்தை (9:21): ஃபீல் ஆனா அது அருள், வேணாம்னு சொல்லல. ஆனா அத வச்சு ஆண்டவர் கிட்டயா தூரமான்னு அளக்காத. மதர் தெரசாவோட கடிதங்க 2007ல வெளிய வந்துச்சே, எத்தனையோ வருஷம் உள்ளுக்குள்ள இருட்டாத்தான் இருந்துச்சுன்னு அதுல எழுதியிருக்காங்க, அப்பவும் விடியக்காலைல செபத்துக்கு முழங்கால் போட்டாங்க, ரோட்டுல கிடந்தவங்கள தூக்கிட்டு வந்தாங்க. 2016ல திருச்சபை அவங்களுக்கு புனிதர் பட்டம் கொடுத்துச்சு. வறட்சியா இருக்கிறப்ப சொல்ற செபமும் செபம்தான் பாப்பா, நான் அத முழுசா நம்புறேன்

மாமா (9:30): கம்பெனி பஸ் பினாங்கு பாலத்து மேலதானே வருது? 13.5 கிலோமீட்டர், ஜாம்ல ஒரு முழு செபமாலையே சொல்லி முடிச்சிடலாம். தூக்கம் வந்தா தூங்கு, பாதில விட்டதுக்கு கோச்சுக்க மாட்டாரு

சித்தி (9:33): படுக்குறதுக்கு முன்னாடி புனித இஞ்ஞாசியார் சொல்லிக் கொடுத்த மாதிரி ஆன்ம சோதனையும் செய். நடந்தத மொதல்லருந்து ஓட்டிப் பாரு, எதுக்கு நன்றி சொல்லணும், யார்கிட்ட மூஞ்ச காட்டினோம், அவ்ளோதான், அஞ்சு நிமிஷம்

பாப்பா (9:41): மூஞ்சன்னதும் ஞாபகம் வருது, பக்கத்து மெஷின்ல ஒரு நேப்பாள்காரப் பொண்ணு, ஹாஸ்டல்ல இருக்கு. நேத்து காய்ச்சலோட வந்துச்சு, எம்சி, டாக்டர் சீட்டு வாங்கி லீவு எடுத்தா அலவன்ஸ் போயிடுமாம். பிரேக்ல ஒன்னுமே சாப்பிடல

பட்டர்வொர்த் அத்தை (9:44): அப்ப ஆண்டவர் எங்க தூரமா போனாரு, மத்தேயு 25ல நோயா இருந்தேன் என்னைப் பாக்க வந்தீங்கன்னு சொன்னாரே. நான் கஞ்சி காச்சி ஃபிளாஸ்க்ல ஊத்தி தரேன், தேங்காய் சட்டினியும் வைக்கிறேன், ராத்திரி எடுத்துட்டுப் போ. அந்தப் பொண்ணு பேரு கேட்டு சொல்லு, நாங்களும் செபத்துல சேத்துக்கிறோம்

சித்தி (9:46): பூசைக்கும் வழி இருக்கு. சனிக்கிழமை சாயந்தரம் சன்செட் மாஸ் போனாலே ஞாயித்துக்கிழமை கடமை நிறைவேறிடும், அது திருச்சபை சட்டத்துலயே இருக்கு. அப்புறம் ஜூலை 26 புனித அன்னாள் திருநாள், பி.எம். (புக்கிட் மெர்தாஜாம்) அன்னாள் கோயிலுக்கு எல்லாரும் சேந்து போவோம், இப்பவே லீவு எழுதிக் கொடுத்திடு

பாப்பா (9:50): சனிக்கிழமை ஆஃப்தான் சித்தி 🙏 பஸ் எப்டின்னு பாக்கிறேன்

மாமா (9:51): பஸ்ஸெல்லாம் வேணாம், அஞ்சு மணிக்கு கீழ வந்து நில்லு, நான் கார் எடுத்துட்டு வரேன். தம்பி, நீயும்தான்

தம்பி (9:53): சரி மாமா 👍