பி.எஸ்ஸி கணிதம் முடிச்சிட்டு எம்.எஸ்ஸி இயற்பியல் போகலாமா?

குலசேகரத்துக்காரன்:
கணிதம் முடிச்சாச்சு. துணைப்பாடமா இருந்த இயற்பியல்தான் மனசுல ஒட்டிக்கிச்சு. ஒரு கல்லூரியில இடம் தாறோம்னு சொல்லுதாவ. வாத்தியார் வேலைதான் ஆசை. அப்பா ரப்பர் பால் வெட்டப் போறாவ. "ஒரே வழியில போ மக்கா"ன்னு சொல்லுதாவ. இப்படி மாறினவங்க இருந்தா சொல்லுங்க.

தக்கலை07:
சேருறதுக்கு முன்ன ஒண்ணு பாரு. அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் வேலைக்கு யூஜியும் பிஜியும் ஒரே பாடமா கேப்பாவ. ரெண்டும் வேற வேற பாடம், அதாவது கிராஸ் மேஜர்னா கஷ்டம்.

தோவாளைக்காரி:
தம்பி, அவர் சொன்னது சரி. அந்தக் குழியில விழுந்தவ நான். கணிதம், அப்புறம் இயற்பியல், அப்புறம் பி.எட். சான்றிதழ் சரிபார்ப்பு வரை போனேன். ஃபைலை மூடி என் கையிலயே திருப்பித் தந்துட்டாவ. அன்னைக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு உக்காந்திருந்தேன். பிறகு முப்பந்தல்ல ஒரு காற்றாலை ஆபீஸ்ல கொஞ்ச நாள், வீட்டுல டியூஷன், ராத்திரி பிள்ளைகளைத் தூங்க வச்சிட்டு தபால்வழியில எம்.எஸ்ஸி கணிதம். இப்ப ஒரு தனியார் பள்ளியில கணக்கு டீச்சர்.

ஆனா இயற்பியல் படிச்சது வீண்னு சொல்லவே மாட்டேன். ஏப்ரல் 10, 11 வாக்குல நம்ம ஊருல சூரியன் நேர் உச்சிக்கு வரும். பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போய் கிரவுண்டுல ஒரு பிவிசி பைப் துண்டை நட்டு வச்சேன். 12 மணிக்கு நிழல் கொஞ்சம் கிடந்தது. "டீச்சர், மறையலியே"ன்னு ஒருத்தி. கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். 12.20 தாண்டினதும் நிழல் பைப்புக்கு அடியிலயே போயிட்டு.

ஏன் 20 நிமிஷம் தாமதம்? நம்ம கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உள்ளது, நாகர்கோவில் 77.4. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம், பெருக்கிப் பாரு. ஏன் அந்தத் தேதி? மார்ச் 21 வாக்குல சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேல இருக்கும். அது கழிஞ்சு ஏறக்குறைய 20 நாள், நாளுக்கு ஒரு டிகிரின்னு வச்சா 20 டிகிரி. சைன் 20 டிகிரி 0.34. பூமியோட சாய்வு 23.4. பெருக்கினா 8, நம்ம ஊரு அட்சரேகை! அதுவரை சைன் டேபிளை மனப்பாடம் பண்ணின பிள்ளை, தானே கரும்பலகைக்கு வந்து போட்டா. கணிதம் மட்டும் படிச்சிருந்தா அந்தப் பைப்பை நட எனக்குத் தோணியிருக்காது.

அரசுப் பள்ளிதான் குறின்னா எம்.எஸ்ஸி கணிதத்துல சேரு, இயற்பியலை விடாம வாசி. கல்லூரியில பாடம் எடுக்கணும்னா இயற்பியலுக்குப் போ, அந்தப் பாடத்துலயே கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு நெட், செட் எழுது. எதுன்னு இந்த வாரமே முடிவு பண்ணு. என்னை மாதிரி பிறகு பாத்துக்கலாம்னு விடாதே.

குலசேகரத்துக்காரன்:
அக்கா, அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். கணிதத்துக்கே விண்ணப்பம் போடப் போறேன். சூரியன் தெற்க திரும்பி வரும்போது இன்னொரு நாளும் நிழல் மறையணுமே?

தோவாளைக்காரி:
மறையும். செப்டம்பர் முதல் ரெண்டு நாளுக்குள்ள. உங்க வீட்டு முற்றத்துல கம்பு நட்டு, நேரத்தைக் குறிச்சு இங்க போடு.